அலையடங்கிய சேற்றுக்கரை

கல்லூரியில் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறி, கடலாய்வுக் கூடம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை பணியாற்றியவன் நான். கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே என் பெயருக்கு இருந்த மதிப்பைக் கெடுக்கும்படி நான் ஒன்றும் செய்ததில்லை. இப்போது எழுதுவதாலும் அது கெடாது என்று நம்புகிறேன். ஆனால், கடலைப் பற்றி அத்தனை கட்டுரைகள் எழுதிய எனக்கு நீந்தத் தெரியாது என்பதும், கடலைக் கண்டால் அஞ்சுவேன் என்பதும் என் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரிந்ததில்லை.

மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குத் தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. நாள்தோறும் காலையில் படகுத்துறைக்கு நடந்து, எர்ணாகுளம் போகும் படகில் நடு இருக்கையில் அமர்வேன். துறைமுகக் கால்வாயைக் கடக்கும் அந்தச் சிறு நேரத்திலும் என் இடக்கை இருக்கையின் அடிச்சட்டத்தைப் பற்றியிருக்கும். வலக்கையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருப்பதால் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

கூடத்தில் என் பொறுப்பு ஓதங்கள்: கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் கணக்கு. துறைமுகத்தில் ஒரு குழாய்க்கிணறு; அதற்குள் ஒரு மிதவை; மிதவையோடு கட்டிய கம்பியின் மறுமுனையில் ஒரு பேனா. சுழலும் உருளையின் மேல் சுற்றிய தாளில், நீர் ஏறினால் கோடும் ஏறும். கடலை அறிய முனைந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இந்த மிதவைக்காரர்கள்தாம். அவர்கள் கரையிலேயே நின்றார்கள். நிலவின் போக்கையும் நீரின் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, நாளைக்குக் கடல் எங்கே வந்து நிற்கும் என்று இன்றைக்கே சொல்லக் கற்றார்கள்.

மற்றவர்கள் கடலுக்குள் போனார்கள். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் கொழுப்பை அடைத்துவைப்பார்கள். தரையின் மணலோ சிப்பியோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மாலுமிகள் பார்க்க முடியாத தரையை அப்படித்தான் முதன்முதலில் தொட்டார்கள். பின்னர்க் கயிற்றுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி வந்தது. அதன்பின் எதையும் இறக்காமலே, ஒலியை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் சொல்லும் கருவி வந்தது. இந்த வரலாற்றை நான் பல மேடைகளில் விரிவாகப் பேசியிருக்கிறேன். பேசும்போதெல்லாம் கை தட்டினார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கூடம் சேற்றுக்கரையை ஆராயத் தொடங்கியது. இந்தக் கரையோரத்தில் பிறந்தவர்களுக்கு அது புதிதன்று. மழைக்காலத்தில் கடல் முழுவதும் கொந்தளிக்கும்போது, ஓரிடத்தில் மட்டும் அலை அடங்கிவிடும். அடியிலிருந்து நெகிழ்ந்து எழும் சேறு அலையின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். மீன்கள் அங்கே வந்து குவியும். மீனவர்கள் அதைச் சாகரா என்று கொண்டாடுவார்கள். பழைய கப்பல் தலைவர்கள் அந்த அமைதியில் நங்கூரம் பாய்ச்சிவிட்டு, அது ஏன் என்று தெரியாமல் வியந்து எழுதிவைத்தார்கள். காயலின் நீர் மணலுக்கடியில் ஊறி வந்து சேற்றைத் தள்ளுகிறது என்றார்கள் சிலர். சேற்றில் எண்ணெய் இருக்கிறது, அதுதான் அலையை அடக்குகிறது என்றார்கள் வேறு சிலர். எங்கள் காலத்தில் ஊகங்களை விட்டு, சேற்றையே அள்ளிக் கொண்டுவந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

அந்தக் குழுவில் என் மனைவியின் தம்பி இருந்தான். திருப்பூணித்துறையில் வளர்ந்தவன். தாயை இழந்த வயதிலிருந்து அவனுக்குச் சோறூட்டியவள் என் மனைவிதான். எங்களுக்குத் திருமணமான பிறகு அவனும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். போட்டியில் தேறித் தன் தகுதியால் வேலைக்கு வந்தவன். இருந்தாலும் உறவைச் சொல்லி யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று, கூடத்தில் என்னை ‘சார்’ என்றுதான் அழைக்கவேண்டும் என ஆணையிட்டிருந்தேன். அவன் அதை மீறியதே இல்லை. படகுத்துறையில் இறங்கி மட்டாஞ்சேரி மண்ணில் கால் வைத்ததும் ‘அத்திம்பேர்’ தொடங்கிவிடும்.

ஞாறக்கல் பக்கம் சேற்றுக்கரை உருவாகியிருப்பதாகச் செய்தி வந்தது. வழக்கமாகப் போகும் மூத்தவர் காய்ச்சலில் விழுந்ததால், மேற்பார்வைக்கு நான் போக நேர்ந்தது. மறுத்திருக்கலாம், காரணம் கேட்பார்கள்.

காலையில் புறப்படும்போது மனைவி வாசல்வரை வந்தாள்.

“அவன் மொதல்ல குதிச்சுட்டு அப்பறமாக்கும் யோஜிப்பன். கேட்டேளா? கண்ணை எடுக்காதீங்கோ.”

“அக்கா, நான் என்ன தொட்டில் கொழந்தையா?” என்றான் அவன் செருப்பை மாட்டிக்கொண்டே. “அத்திம்பேரைப் பாத்துக்கோன்னு எங்கிட்டச் சொல்லு. வள்ளத்துல ஏறறதுக்கு முன்னாடியே மொகம் வெளுத்துடும்.”

“வாயை மூடிண்டு நட” என்றேன். முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது எனக்கே தெரிந்தது.

வைப்பின் தீவுக்குப் படகில் கடந்து, பேருந்தில் ஞாறக்கல்லை அடைந்தோம். ஒரு வள்ளத்தை அமர்த்தியிருந்தார்கள். பின்புறம் பெட்ரோலில் ஓடும் சிறிய மோட்டார் பொருத்திய மர வள்ளம். வள்ளக்காரர் என்னைவிட மூத்தவர். துணைக்கு அவருடைய தம்பி. இருபுறமும் அலைகள் ஆளுயரத்துக்கு எழுந்து உடைந்துகொண்டிருந்தன. நடுவே மட்டும் கடல் காப்பி நிறத்தில், எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. வள்ளம் அதற்குள் நுழைந்ததும் இரைச்சல் பின்தங்கிவிட்டது. அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரைகிற கடல் தன் இடத்தையாவது காட்டிக்கொடுக்கும்; இது மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பதுபோல் இருந்தது.

என் மைத்துனன் எதிரொலிக் கருவியை மடியில் வைத்திருந்தான். அதன் முள் காகிதச் சுருளில் கறுப்பாக ஒரு கோட்டைப் பொசுக்கிக்கொண்டே போயிற்று. இடுப்பளவுக்குச் சற்று மேலே ஆழம், அதன்கீழ் தரை என்றது கோடு. வேலை எளியதுதான். கயிற்றில் கட்டிய பித்தளைப் புட்டியை இறக்கி, நீரையும் சேற்றையும் அள்ளி, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி ஒட்டவேண்டும். எழுதி ஒட்டுவது என் வேலை. குனிந்து எழுதும்போது குமட்டியது. நிமிர்ந்தால் கடலைப் பார்க்கவேண்டும் என்பதால் குனிந்தே இருந்தேன்.

நடுப்பகலுக்கு முன் புட்டிக் கயிறு மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டது. வள்ளம் நின்றது. வள்ளக்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு பின்புறம் குனிந்தார், கை எட்டவில்லை. கரைப் பக்கமாக நான்கைந்து பேர் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார்கள்.

“சேட்டா, இங்கயும் நிக்கலாமோ?” என்று கேட்டான் மைத்துனன்.

“நிக்காம். போன வருஷம் இவிடெ மணலாக்கும்” என்றார் அவர், நிற்கலாம் என்று.

மைத்துனன் காகிதச் சுருளை இழுத்துப் பார்த்தான். கோடும் அதையே சொல்லிற்று. கருவியும் சொன்னது, மனிதரும் சொன்னார், கண்ணெதிரே ஆட்கள் நிற்கவும் செய்தார்கள். சட்டையைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்தான். விசிறியில் சுற்றிய கயிற்றை விடுவிக்க, வள்ளத்தின் விளிம்பில் கை ஊன்றிக் குதித்தான்.

கருவி தரை என்று காட்டியது தரையன்று. அது சேற்றின் மேல்முகம். கஞ்சிபோல் தளர்ந்த சேற்றில் பட்டே ஒலி திரும்பிவிட்டிருந்தது. உண்மையான தரை எவ்வளவு கீழே இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மணல் மேடு அந்த ஆண்டு கரைப் பக்கம் நகர்ந்திருந்ததும் வள்ளக்காரருக்குத் தெரியாது.

அவன் மார்பளவு இறங்கினான், நிற்கவில்லை, தோள் போயிற்று, முகவாய்க்கு நீர் வந்த பிறகுதான் நின்றான். முதலில் சிரித்தான். பிறகு காலைத் தூக்கப் பார்த்தான். முகம் மாறிற்று. பலமாக உதைத்தான், உதைத்ததில் இன்னும் சற்று இறங்கினான், வாய்க்குள் நீர் போயிற்று.

“அத்திம்பேரே!”

மட்டாஞ்சேரிக்கு வெளியே அவன் என்னை அப்படி அழைத்தது அதுவே முதல் தடவை. நான் எப்படி அந்த விளிம்புக்கு வந்தேன் என்று நினைவில்லை. வயிறு பலகையில் அழுந்தக் குப்புறப் படுத்து அவன் மணிக்கட்டைப் பற்றியிருந்தேன். சகோதரர்கள் இருவரும் அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். அவன் மேலே வரவில்லை. வள்ளம்தான் அவன் பக்கமாகச் சாய்ந்து, ஒரு குடம் நீரை உள்ளே வாங்கிக்கொண்டது.

“விடு, விடு! வள்ளம் மறியும்!” என்று கத்தினார் வள்ளக்காரர். அவருடைய தம்பி மறுபுறம் தாவி வள்ளத்தை நிமிர்த்தினார். நான் மணிக்கட்டை விடவில்லை.

தம்பிக்காரர் எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்து வீசி, வலைக்காரர்களைப் பார்த்துக் கூவினார். அவர்களும் பதிலுக்குக் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள். மீன் நிறையக் கிடைத்த மகிழ்ச்சி என்று எண்ணியிருப்பார்கள். பிறகு தங்கள் வலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

“மோனே, அனங்காதே” என்றார் வள்ளக்காரர் அவனிடம், அசையாதே என்று. அசைந்தால் சேறு பிடித்து இழுக்கும் என்பதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “அனங்கினா அது பிடிச்சு வலிக்கும்.”

அவன் அசையாமல் இருந்தான். நீர் அவன் கீழுதட்டுக்குக் கீழே நின்றது. எங்கிருந்தோ தேய்ந்து வந்த ஓர் அலை, அலை என்று சொல்லவும் தகாத ஒரு சிறு புடைப்பு, அவன் மூக்கின்மேல் ஏறி இறங்கியது. அவன் இருமினான்.

“அத்திம்பேர், இப்போ ஏத்தமா எறக்கமா?”

“ஏற்றம்.”

“இன்னும் எவ்வளவு ஏறும்?”

எனக்குத் தெரியும். உலகில் அந்த நேரத்தில் அந்த இடத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவன் நான் ஒருவனே. இன்னும் ஒரு முழத்துக்குக் குறையாது. நீர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு முழம் என்பது அவன் நெற்றிக்கும் மேலே. இத்தனை ஆண்டுகள் மிதவையும் பேனாவும் எனக்குக் கற்றுத்தந்த எல்லாம் சேர்ந்து அந்த ஒரு முழமாக அவன் முகத்தின்மேல் வந்து நின்றது. அறியாமல் இருந்திருந்தால் பிரார்த்தனை செய்திருக்கலாம். அறிந்தவனுக்கு அதுவும் கூடவில்லை.

“ஒரு விரற்கடை” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். “அத்திம்பேர், இந்த மாசத்து ஓதக் கோடு நானாக்கும் வரைஞ்சது.”

பற்றியிருந்த கையில் அவன் நாடி அடிப்பதை உணர்ந்தேன். என்னுடையதும் அடித்துக்கொண்டிருந்தது, எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

ஏறுகிற நீர் அவனை மட்டுமன்று, வள்ளத்தையும் உயர்த்தும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அவன் மார்பைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள்” என்றேன் வள்ளக்காரரிடம். “மறுபக்கத்து வங்குக் கட்டையில் இழுத்து முடியுங்கள். நீங்கள் இருவரும் அந்தப் பக்கம் பாரமாக உட்காருங்கள். வெள்ளம் வள்ளத்தைத் தூக்கும்போது வள்ளம் அவனைத் தூக்கும்.”

“தூக்கலைன்னா?” என்றார் அவர். “கால் வரலைன்னா வள்ளம் சரியும். சாறே, நமக்கும் வீட்டுல ஆளுண்டு.”

“சரிந்தால் அறுத்துவிடுங்கள். கத்தி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.”

இதைச் சொன்னவன் நானா என்று இன்றும் எனக்கு ஐயம் உண்டு. அவர் கத்தியை இடுப்பில் செருகினார். பிறகு கயிற்றை எடுத்தார். கட்டி முடித்ததும் ஒரு துடுப்பை அவன் காலோரமாகச் சேற்றுக்குள் இறக்கி, பாயசம் கிண்டுவதுபோல் மெல்லத் துழாவச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தார். கத்தியோடு தாம் மறுபக்கம் போய் அமர்ந்தார். கலக்கினால் அந்தச் சேறு இளகும், விட்டால் இறுகும். அதை அவரும் நானும் அறிந்திருந்தோம். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. என் ஒரு கை அவன் மணிக்கட்டில், மறுகை அவன் கன்னத்தைத் தாங்கி. தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்திருந்தான். நீர் காதுக்குள் போய் வந்தது. அவன் உடல் நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் எந்த நொடியிலும் உதைப்பாக மாறக்கூடும்.

“ஏதானும் பேசுங்கோ” என்றான். “ஆபீஸ்ல வாய் ஓயாது. இப்போ பாத்து மௌன விரதம்.”

எனக்கு வேறெதுவும் வரவில்லை. “ஆதியில் மாலுமிகள் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி...” என்று ஆரம்பித்தேன்.

“பகவானே! இதை மட்டும் வேண்டாம்.”

“...குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை...”

“கொழுப்பு எனக்காக்கும். இல்லேன்னா குதிச்சிருப்பேனா?”

“எந்தாணு சாறு ஜெபிக்குன்னது?” என்று மறுபக்கத்திலிருந்து கேட்டார் வள்ளக்காரர்.

“ஜெபமில்லை சேட்டா, பிரசங்கம்” என்றான் இவன். சொல்லி வாயை மூடுவதற்குள் நீர் புகுந்தது.

நான் நிறுத்தவில்லை. ஈயத்திலிருந்து கம்பிக்கு வந்தேன். கம்பியிலிருந்து ஒலிக்கு வந்தேன். ஒலி இன்றைக்கு எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் தாண்டி மிதவைக்குப் போனேன். மேடையில் பேசும் அதே குரலில், அதே நிறுத்தங்களோடு பேசினேன். குரல் உடைந்தால் அவனும் உடைவான் என்று அஞ்சினேன். என் விரல்களுக்கு மேலே நீர் ஏறுவது எனக்குத் தெரிந்தது. அது சுண்டு விரலைக் கடந்தது. மோதிர விரலைக் கடந்தது. வாக்கியத்தை முடிக்கும்போதெல்லாம் அது மேலே வந்திருந்தது. இப்போது அவன் உதடுகளை இறுக்கி மூக்கால் மட்டும் மூச்சு விட்டான். கயிறு முறுக்கேறி முனகியது. வள்ளம் எங்கள் பக்கமாகச் சாயத் தொடங்கியது. வள்ளக்காரர் கத்தியைக் கயிற்றின்மேல் வைத்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

“கொஞ்சம்” என்றேன் அவரிடம். கெஞ்சினேன் என்பதே சரி. நான் யாரிடமும் கெஞ்சிப் பழகியவன் அல்லன்.

அவர் கத்தியை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை.

நீர் அவன் மூக்கை மூடியது. அவன் கண்கள் விரிந்து என்னைப் பார்த்தன. அப்போது சேற்றுக்குள்ளிருந்து, ஈரத் துணியை உதறுவதுபோல் ஒரு சத்தம். ஒரு கால் விட்டுவிட்டது. வள்ளம் குலுங்கி நிமிர்ந்தது. கயிற்றோடு அவன் தோள்கள் வரை மேலே வந்தான். துடுப்பு மறுகாலின் பக்கம் இறங்கியது. அதுவும் வந்தது. மூவருமாக அவனை வாரி உள்ளே போட்டோம். கன்னங்கரேலென்று, கண்ணின் வெள்ளை மட்டும் தெரிய, பலகையில் கிடந்து கக்கினான்.

வள்ளக்காரர் அவன் முதுகில் ஓங்கி ஒரு குத்துவிட்டார். “இனி இறங்குமோடா நீ? இறங்குமோ?” என்று அதட்டினார். பிறகு திரும்பி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தபின், அவர் வீட்டுக் கிணற்றடியில் குளித்து, அவர் கொடுத்த கைலியை உடுத்து, கட்டன் சாயா குடித்துவிட்டு மைத்துனன் பேருந்து ஏறினான். வழியெல்லாம் நான் அவன் மணிக்கட்டை விடவில்லை, நடத்துநர் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டேன். மட்டாஞ்சேரியில் இறங்கி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மீன் வாடையடிக்கும் கைலியில் அவனையும், பொத்தான் அறுந்த சட்டையில் என்னையும் அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை.

“அக்காட்டச் சொல்லாதீங்கோ” என்றான்.

சொன்னேன். மனைவி அடுக்களைக்குள் போனாள். தட்டில் தயிர்சாதம் வைத்தாள். அவனால் பிசைய முடியவில்லை. அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, உருட்டி அவன் வாயில் கொடுத்தாள். அவன் காதுக்குள் இன்னும் சேறு கறுத்திருந்தது. உண்டு முடித்ததும் கேட்டாள்:

“இனியும் போணுமா?”

“போணும்க்கா. பாதிதான் ஆயிருக்கு. சாகரா போயிட்டா அடுத்த வருஷம் வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவள் என்னைப் பார்த்தாள். தடுக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. மைத்துனன் என்பதற்காக விலக்கினேன் என்று கூடத்தில் பேச்சு வரும். அவனும் என்னை மன்னிக்க மாட்டான்.

“நானும் போகிறேன்” என்றேன்.

போனேன். மேற்பார்வைக்கு நான் தேவையில்லை என்றானபிறகும் போனேன். இடுப்பில் கயிறு கட்டாமல் அவன் வள்ளத்தில் உட்காரக்கூடாது என்று விதித்தேன்; கயிற்றின் மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். “அத்திம்பேர் விழுந்தா என்னையும் இழுத்துண்டு போவேளே” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வழவழப்பான கடலின் நடுவில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் அஞ்சினேன். வேலைக்கு நடுவே அவன் விளிம்பில் சாயும்போதெல்லாம் என் கை கயிற்றை இறுகப் பற்றும்.

மழை குறையத் தொடங்கிய ஒரு காலையில் நாங்கள் ஞாறக்கல்லில் இறங்கியபோதே இரைச்சல் கேட்டது. சேற்றுக்கரை கலைந்துவிட்டது. காப்பி நிறம் போய், அலைகள் வெண்மையாக எழுந்து கரையில் வந்து உடைந்தன. வள்ளங்களை மேலே இழுத்துக் கவிழ்த்திருந்தார்கள். வள்ளக்காரர் பீடியைப் பற்றவைத்தபடி, “தீர்ந்நு சாறே” என்றார். அவருக்குப் பிழைப்பு போயிற்று. என் மைத்துனன் மாதிரிப் புட்டிகள் இருந்த பெட்டியை மணலில் வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

“இன்னும் பத்து நாள் நின்னிருந்தா முடிச்சிருக்கலாம், அத்திம்பேர். சே!”

“ஆய்வுக்குப் பெரும் இழப்புதான்” என்றேன். அறிக்கையிலும் அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டேன். ஆனால் அங்கே நின்றபோது, ஒவ்வோர் அலையும் உடையும் சத்தம் கேட்கக் கேட்க என் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. எந்த வள்ளமும் அன்றைக்கு இறங்க முடியாது. கடல் இரைந்துகொண்டே இருந்தது. அவன் என் கைக்கெட்டும் தொலைவில், உலர்ந்த மணலில் உட்கார்ந்திருந்தான்.